வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வெச்சா நீயும் புரோக்கர்தான்!

பார்ட் டைமா சம்பாதிக்கணும்னு நினைக்காத இன்ஜினியரிங் மாணவர் யாராவது இருக்கீங்களா? நானும் நினைச்சேன். அதனால வந்த பாடம்தான் இந்தக் கட்டுரை. சிவில் டிபார்ட்மென்ட் மக்களுக்கு மட்டும்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இன்னும் பத்து வருஷத்துல நம்மில் பலர் ஒரு மனையாவது வாங்கப் போறோம்.

எனக்கு ஊர் திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம். வார இறுதியில் ஊருக்குப் போகும்போதெல்லாம் ரோட்டோரம் கலர் கலரா கொடி, நடுகல், "இன்றே முன்பதிவு செய்யுங்கள்" பேனர் எல்லாம் கண்ணில் படும். மூணாம் வருஷம் படிக்கும்போது, அப்படி ஒரு மனைப்பிரிவில் வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் சொன்னார்: "தம்பி, நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஸ்டேட்டஸ்ல போடு. உன்னால ஆள் வந்தா மனைக்கு ரெண்டாயிரம்."

போட்டேன். பக்கத்து வீட்டு அத்தை பார்த்துட்டாங்க. சீட்டுப் பணத்தில் இருந்து 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாங்க. கையில் கிடைச்சது ஒரு வெள்ளைத்தாள் ரசீது. அப்புறம் பத்திரம் எழுதுபவரிடம் பேப்பரைக் காட்டினப்போ அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெரா நம்பர் எங்கம்மா?" நோட்டீஸில் சின்ன எழுத்தில் இருந்தது: "அப்ரூவலுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது."

பணம் திரும்பி வர நாலு மாசம் ஆச்சு. மூணு தவணையா வந்தும் 5,000 குறைஞ்சது, அதை எங்க அம்மா போட்டுக் கொடுத்தாங்க. அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டல. "நீ சொன்னன்னுதான்டா கொடுத்தேன்"னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைப் பாடமா இங்கே எழுதுறேன்.

1. புரோக்கர்னா யாரு?

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016. சுருக்கமா ரெரா. நாடாளுமன்றத்தில் 2016 மார்ச்சில் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையா அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே 2017இல் வந்தன. இங்கே அதை நடத்துவது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிஎன்ரெரா. அலுவலகம் சென்னை எழும்பூரில். அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இதன் கீழ்தான் வருது.

இந்தச் சட்டம் ஏஜென்ட் என்ற சொல்லுக்குக் கொடுக்கிற விளக்கம் ரொம்ப அகலமானது. மனையோ வீடோ விற்கவும் வாங்கவும் இரண்டு தரப்புக்கு நடுவில் நின்று பேசி, அதற்குப் பணமோ கமிஷனோ வாங்குபவர் ஏஜென்ட். எந்த ஊடகம் வழியாகவாவது வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தி வைப்பவரும் அதில் அடக்கம். புரோக்கர், டீலர், மீடியேட்டர், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி.

அந்த வரியைப் படிச்சப்போ எனக்கு வியர்த்துருச்சு. ஸ்டேட்டஸ் ஓர் ஊடகம். ரெண்டாயிரம் ஒரு கமிஷன். "நான் சும்மா ஃபார்வேர்டு பண்ணேன்"னு சொல்லித் தப்பிக்க இடமே இல்லை.

2. எந்த மனைப்பிரிவுக்கு ரெரா பதிவு வேணும்?

500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் திட்டத்துக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத அடுக்குமாடித் திட்டத்துக்கும் பதிவு தேவையில்லை என்கிறது பிரிவு 3. நம்ம ஊர்ல சதுர மீட்டர்ல யாரும் பேசறதில்லை. மாத்திப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. அப்போ 500 சதுர மீட்டர் என்பது 5,382 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் 12.36 சென்ட்.

அதாவது பன்னிரண்டரை சென்ட்டைக்கூட எட்டாது. ரோட்டோரம் கொடி நட்டு ஏக்கர் கணக்கில் போடும் மனைப்பிரிவு எதுவும் இந்த விலக்குக்குள் வராது. பதிவு வாங்குவதற்கு முன்னால் விளம்பரம் செய்வதோ, முன்பதிவு வாங்குவதோ, விற்பதோ கூடாது. அத்தை வாங்கப் போன மனைப்பிரிவு அடிபட்டது இங்கேதான்.

இன்னொரு விஷயம். டிடிசிபி அப்ரூவல் வேறு, ரெரா பதிவு வேறு. முன்னது நகர் ஊரமைப்பு இயக்ககம் மனைப்பிரிவின் வரைபடத்துக்குத் தரும் ஒப்புதல். ரோடு எத்தனை அடி, பூங்கா எங்கே என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். பின்னது அந்தத் திட்டத்தை விற்க வாங்க வேண்டிய பதிவு. ஒண்ணு இருக்குன்னு சொல்லி இன்னொண்ணை மறைக்கிறது பழைய தந்திரம்.

3. புரோக்கர் பதிவு வாங்குவது எப்படி?

ரெராவில் பதிவான திட்டத்தின் மனையை விற்றுக் கொடுக்கணும்னா ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்கணும். இது பிரிவு 9. படிகள் இவ்வளவுதான்:

முதல் படி, டிஎன்ரெரா இணையதளத்தில் ஏஜென்ட் பதிவுப் பகுதிக்குப் போகணும். தனி ஆளா, நிறுவனமா என்பதை முதலிலேயே தீர்மானிச்சுக்கோங்க. இரண்டுக்கும் கட்டணம் வேறு. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துக் கட்டுங்க, புரோக்கர் மாமா சொல்ற தொகையை நம்பாதீங்க.

இரண்டாம் படி, 'ஜி' படிவம். பெயர், தொழில் செய்யும் முகவரி, புகைப்படம், பான் கார்டு நகல், முகவரிச் சான்று இதெல்லாம் கேட்பாங்க. வருமான வரிக் கணக்கையும் எடுத்து வெச்சுக்கோங்க. நிறுவனம் என்றால் அதன் பதிவு ஆவணங்களும் வேணும்.

மூன்றாம் படி, காத்திருப்பு. ஆணையம் 30 நாளுக்குள் முடிவு சொல்லணும். நிராகரிப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரணும், உங்க தரப்பைச் சொல்லவும் வாய்ப்பு தரணும். கெடுவுக்குள் எந்தப் பதிலுமே வரலைன்னா பதிவு கிடைத்ததாகவே சட்டம் கருதும்.

நான்காம் படி, 'எச்' படிவத்தில் சான்றிதழும் பதிவு எண்ணும். ஐந்து வருஷத்துக்குச் செல்லும், முடிவதற்குள் புதுப்பிக்கணும். நீங்க முடிச்சுக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் இந்த எண்ணைக் குறிப்பிடணும்.

ஒரு பதிவு மாநிலம் முழுவதுக்கும் போதும். திண்டிவனத்தில் வாங்கியதை வெச்சு தென்காசியிலும் விற்கலாம். ஆனா நம்ம பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். அங்கே தனி ஆணையம், தனிப் பதிவு.

4. பரீட்சை உண்டா?

2016 சட்டத்தில் ஏஜென்ட்டுக்குப் பரீட்சை எதுவும் கிடையாது. ஆனா மாநில ஆணையங்கள் தங்கள் பங்குக்குச் சேர்க்கலாம். மகாராஷ்டிரா 2023இல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் ஆக்கியது. அதனால விண்ணப்பிக்கும் முன் டிஎன்ரெரா தளத்தில் புது அறிவிப்பு ஏதாவது வந்திருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

வெளிநாட்டில் இதெல்லாம் பழைய கதை. சிங்கப்பூரில் 2010இல் எஸ்டேட் ஏஜென்சிகளுக்கான கவுன்சில் அமைந்தது. அங்கே பாடத்திட்டம் முடித்து, தேர்வில் தேறி, உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால்தான் தொழில் செய்ய முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விற்பனையாளர் உரிமத்துக்கே 135 மணி நேரப் படிப்பு, 150 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். நம்ம செமஸ்டர் பேப்பரில் 50 எடுத்தா பாஸ். வித்தியாசத்தை யோசிங்க.

5. பதிவுக்கு அப்புறம்?

சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டினா போதாது. பிரிவு 10 சொல்வது: பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது. கணக்குப் புத்தகங்களை முறையா வெச்சிருக்கணும். இல்லாத அப்ரூவலை இருக்குன்னு சொல்லக் கூடாது. முன்பதிவு செய்யும்போதே வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் எல்லாம் கிடைக்கச் செய்யணும்.

மீறினால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சேர்ந்து சேர்ந்து, விற்ற மனையின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். பொய் சொல்லியோ மோசடியிலோ வாங்கின பதிவு ரத்தாகும்.

கமிஷன் எவ்வளவு வாங்கலாம் என்று சட்டம் எதுவும் சொல்லலை. ஊர் வழக்கம்தான். அதனால எத்தனை சதவீதம், யார் தருவது என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கோங்க.

6. ஆவணம் படிக்கத் தெரியணும்

நான்கு எல்லை சொல்லி நிலத்தை அடையாளம் காட்டுவது நம்ம ஊருக்குப் புதுசில்ல. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று வரும். இன்றைய பத்திரத்தின் சொத்து விவரத்திலும் அதே நான்கு திசை. அதைப் படிக்கத் தெரியாதவன் புரோக்கரா இருக்கக் கூடாதுங்கறது என் கருத்து. குறைந்தபட்சம் இதைப் பாருங்க:

மூலப்பத்திரம்: இப்போ விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்ற சங்கிலி அறுபடாம இருக்கா?
வில்லங்கச் சான்று: பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் இதில் வரும். பதிவாகாதது வராது. அதனால அசல் பத்திரத்தையும் கண்ணால் பார்க்கணும்.
பட்டா, சிட்டா, அ-பதிவேடு: வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர்? புறம்போக்கு ஏதாவது கலந்திருக்கா?
புலப்படம்: சர்வே எண்ணின் வடிவமும் அளவும் நேரில் இருப்பதோடு ஒத்துப்போகுதா?
ஒப்புதல் வரைபடம்: உங்க மனை எண் அதில் இருக்கா, இல்ல பூங்காவுக்கு விட்ட இடமா?

7. நமக்கு நாமே ஒரு டெஸ்ட்

கேள்வி 1: 40 சென்ட் நிலம், 20 மனை. ரெரா பதிவு வேணுமா?
விடை: வேணும். 40 சென்ட் சுமார் 1,619 சதுர மீட்டர்.

கேள்வி 2: ரெண்டு விவசாயிகளுக்கு நடுவில் ஒரு ஏக்கர் நஞ்சையைப் பேசி முடிக்கிறார் ஊர் புரோக்கர். அவருக்குப் பதிவு வேணுமா?
விடை: இந்தச் சட்டப்படி வேண்டாம். மனைப்பிரிவோ அடுக்குமாடியோ போட்டு விற்பவரின் திட்டத்துக்குத்தான் இந்த விதி.

கேள்வி 3: மனை விலை 9 லட்சம். "ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுங்க, அக்ரிமென்ட் அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார் விற்பவர். சரியா?
விடை: தப்பு. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இங்கே 90,000 தான் எல்லை. இது பிரிவு 13.

கேள்வி 4: அதே 9 லட்ச மனையைப் பதிவில்லாத ஏஜென்ட் விற்றுக் கொடுத்தார். அபராதம் அதிகபட்சம் எவ்வளவு?
விடை: 5 சதவீதம், 45,000 ரூபாய். நாளைக்கு 10,000 வீதம் போட்டா ஐந்தாம் நாளே தொட்டுடும்.

நாலும் சரியா? அப்போ அன்னைக்கு ஸ்டேட்டஸ் போட்ட என்னை விட நீங்க எவ்வளவோ மேல்.

ஏமாந்தவர்கள் என்ன செய்வது? பதிவு வாங்கிய திட்டமோ ஏஜென்ட்டோ சட்டத்தை மீறினால் டிஎன்ரெராவிலேயே புகார் கொடுக்கலாம். அதன் உத்தரவில் திருப்தி இல்லைன்னா 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், நோட்டீஸ், எதையும் அழிச்சிடாதீங்க. பணத்தைக் கையில் கொடுக்காம வங்கி வழியா கொடுங்க.

இந்த வேலை கேவலம்னு நான் சொல்லலை. ஒழுங்கா செய்தா நல்ல தொழில். படிச்சவங்க, அளவு கணக்கு தெரிஞ்சவங்க வந்தா ஊருக்கே நல்லது. ஆனா பதிவு வாங்கிட்டு வாங்க, படிச்சுட்டு வாங்க. நாம விற்கிறது யாரோ பத்து வருஷம் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தின் மேல்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அத்தை கையில் புது நோட்டீஸோட வந்தாங்க. "இதுல நம்பர் இருக்காடா, பாரு." இருந்தது. தளத்தில் போட்டுப் பார்த்தோம். கிராமத்தின் பெயர், சர்வே எண், மனை எண்ணிக்கை மூணும் ஒத்துப்போச்சு. "சரி, இப்போ நேர்ல போய் இடத்தைப் பார்க்கலாம் அத்தை"ன்னு சொல்லி வண்டியை எடுத்தேன். இந்தத் தடவை கமிஷன் ஒரு டம்ளர் காபி.