போவதா, இருப்பதா? – எட்டாம் வகுப்பில் மூன்று பாடவேளைகள்

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா வாசலில் நின்றிருந்தார். "டீச்சர், பிள்ளைக்கு டி.சி. வேணும். குடும்பத்தோட திருப்பூர் போறோம்" என்றார்.

எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டத்தில் வானம் பார்த்த பூமியில் உள்ள நடுநிலைப் பள்ளி. ஆண்டுக்கு இரண்டு மூன்று டி.சி. இப்படிப் போவது வழக்கம்தான். அன்று மட்டும் மனதை உறுத்தியது. 'இடம்பெயர்தல் மற்றும் நகரமயமாதல்' பாடத்தைத் தொடங்கும் முன், 'அமைதியான கிராமமா, தொழில் நகரமா? வாழ ஏற்றது எது?' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தேன். அந்த நோட்டுகள் அப்போது என் கையில் இருந்தன.

ஒருத்தியைத் தவிர எல்லோரும் கிராமத்தையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். தூய காற்று, பச்சை வயல், சலசலக்கும் ஓடை. எங்கள் ஊரில் ஓடையே கிடையாது. கண்மாய்க்குள் சீமைக்கருவேல் நிற்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல வீடுகளில் பிழைப்பு நடக்கிறது. மூட்டம் எரியும் நாட்களில் காற்றும் தூய காற்றாக இருப்பதில்லை. கட்டுரைக்கென்று பிள்ளைகள் தனியாக ஒரு கிராமத்தை வைத்திருக்கிறார்கள். அதை அவர்களுக்குக் கொடுத்தது நாம்தான்.

அந்த ஒருத்தி, டி.சி. கேட்டு வந்தவரின் மகள். இரண்டே வரி எழுதியிருந்தாள். "எங்கள் ஊர் அமைதியாக இருக்கிறது. ஏனென்றால் எல்லோரும் திருப்பூர் போய்விட்டார்கள்."

தயாரித்து வைத்திருந்த பாடக்குறிப்பை மூடிவிட்டேன். மறுநாளைக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வெளியூர் போனவர் யார், எதற்காகப் போனார், போனபின் எது கூடியது, எது குறைந்தது? கேட்டு எழுதிவாருங்கள்.

முதல் பாடவேளை முழுவதும் அதிலேயே போய்விட்டது. பின்னலாடை நிறுவனங்களின் சொற்களெல்லாம் வகுப்புக்குள் வந்தன. 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் பன்னிரண்டு மணி நேரம் என்று எனக்கே விளக்கினான் ஒரு பையன். சனிக்கிழமை சம்பளம், காம்பவுண்டு வீடு, நான்கு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. ஒருத்தியின் அக்கா போனில் சொன்னாளாம்: "இங்க என் சம்பளம் என் கையில வருது. ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு வந்தா யாரும் ஏன்னு கேக்கிறதில்ல." இன்னொருவனின் தாத்தா மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். காரணம் கேட்டால், "உக்கார ஒரு திண்ணை இல்லப்பா" என்றாராம்.

உந்து காரணி, ஈர்ப்புக் காரணி என்று கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அட்டவணை குழம்பிவிட்டது. 'ஊர் அமைதி' தாத்தாவுக்கு ஈர்ப்பு, அக்காவுக்கு உந்துதல். எந்தப் பக்கம் எழுதுவது? எனக்குத் தெரியவில்லை என்று பிள்ளைகளிடமே சொன்னேன். கடைசியில் ஒவ்வொரு காரணிக்கும் எதிரே 'யாருக்கு?' என்று மூன்றாவது பத்தி ஒன்று சேர்த்தோம். பாடநூலில் அந்தப் பத்தி இல்லை. சேர்த்த பிறகுதான் பாடம் பிடிபட்டது.

"டீச்சர், நீங்க திருப்பூர் பக்கம்தானே முன்னாடி இருந்தீங்க, ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்கள். அங்கே ஆறு ஆண்டு பணியாற்றினேன். மாமியாருக்கு உடம்புக்கு முடியாததால் கலந்தாய்வில் இங்கே இடம் எடுத்தேன், கிராமத்தின் அழகுக்காக அல்ல என்றேன். "உங்களுக்கு ரெண்டு ஊர்லயும் ஒரே சம்பளம்தானே டீச்சர். அப்ப ஈசிதான்" என்றான் கடைசி வரிசைப் பையன். உண்மை. என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் பாடவேளையில் நொய்யலை எடுத்துக்கொண்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். சாதாரண வடிகட்டலில் அது போகாது. உப்பைக் கரைத்து, மைத் துளி விட்டு, வடிதாளில் வடித்துக் காட்டுங்கள். மை கொஞ்சம் மங்கினாலும் உப்பு குறையாது. நாக்கில் வைத்துப் பார்க்க எத்தனை பிள்ளைகள் கை நீட்டினாலும் விடாதீர்கள். ஒரு சொட்டு உப்புநீரைத் தட்டில் காயவைத்து, வெள்ளைப் படிவைக் காட்டினால் போதும்.

ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது 1992இல். பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. எங்கள் அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. வழக்கு நடந்தது. கழிவுநீர் துளியும் ஆற்றில் விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு பட்டறைகள் பிறகு படிப்படியாகத் திறந்தன.

"அந்த வருசம்தான் எங்க அப்பா வேலை இல்லாம ஊருக்குத் திரும்பி வந்து மூட்டம் போட ஆரம்பிச்சாராம்" என்றான் ஒருவன். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அணையோரத்து விவசாயி பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஒரத்துப்பாளையத்துக்காரர்களும் அமைதியான கிராமத்தில்தான் இருந்தார்கள், அவர்கள் எங்கும் போகவில்லை, தொழில்தான் ஆற்றுவழியாக அவர்களிடம் வந்தது என்பதை மட்டும் சொன்னேன்.

மூன்றாம் பாடவேளைக்குத் தமிழ்நாட்டு ஆற்று வரைபடம். நொய்யல் காவிரியில் சேரும் இடத்தை நீலப் பென்சிலால் குறித்தார்கள். "நம்ம தெருக்குழாய்ல வர்ற தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன். காவிரித் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அது திருச்சி அருகே எடுக்கப்படுகிறது என்பது தெரியாது. திருச்சியைக் குறித்துவிட்டு, ஆற்றின் போக்கில் விரலை வைத்துப் பின்னோக்கிப் போகச் சொன்னேன். கரூர் வந்தது, நொய்யல் வந்தது. "டீச்சர், நாம திருப்பூருக்குக் கீழ இருக்கோம்!" என்றாள் ஒருத்தி. குழாய்நீர் சுத்திகரிக்கப்பட்டே வருகிறது, பயப்பட வேண்டாம் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அன்று மாலையே வீடுகளிலிருந்து புகார் வரும்.

பழைய கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னேன். இம்முறை சரிபாதியாகப் பிரிந்தார்கள். ஓடையை யாரும் எழுதவில்லை. "சாயத்தண்ணி விடாத திருப்பூரும் பஸ் வர்ற எங்க ஊரும் வேணும்" என்று முடித்திருந்தான் அந்தக் கடைசி வரிசைப் பையன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

மூன்றாம் நாள் மாலையே டி.சி. கொடுத்தாயிற்று. போகவேண்டாம் என்று அந்த அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி? பிள்ளையின் எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக்கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம், போன வாரமே பள்ளிக்குப் போய்விடுங்கள் அண்ணே என்றேன். நடுவில் போகும் பிள்ளைகள் தொலைவது பெரும்பாலும் அந்த முதல் சில வாரங்களில்தான். அவள் தான் வரைந்த ஆற்று வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய அப்பாவின் போனிலிருந்து அழைத்தாள். பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். பக்கத்து அறை அக்காதான் கூட்டிக்கொண்டு போகிறாளாம். "ஞாயித்துக்கிழமை பிசிர் வெட்ட வர்றியான்னு ஒரு அத்தை கேட்டாங்க டீச்சர். இப்போதைக்கு வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு."

அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை என் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் சேர்ந்த பள்ளியின் வகுப்பாசிரியை எண்ணையும் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் பேசிக்கொள்கிறோம்.