வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு மருந்து: எதை, எந்த வழியில் வாங்கலாம்?

முற்றிய புற்றுநோயோடும் பக்கவாதத்தோடும் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து எந்த வகை என்பதை வைத்தே நம் சட்டம் விதி வகுத்திருக்கிறது. நோயாளியால் எழ முடியாது என்பதற்காக அந்த விதி தளராது. எனவே மருந்துச் சீட்டை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வழி தேடுங்கள்.

பக்கத்து மெடிக்கல் ஷாப்

வாந்தி, மலச்சிக்கல் மருந்துகளுக்கு இதுவே முதல் வழி. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 26 அன்று வந்த மத்திய அரசு அறிவிக்கை, உரிமம் பெற்ற கடைகள் அதே வருவாய் மாவட்டத்துக்குள் சீட்டின்பேரில் வீட்டுக்கே மருந்து அனுப்ப அனுமதித்தது. போதை மருந்துகளையும் மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளையும் அப்போதும் விலக்கியே வைத்தது. அவசரத்துக்கும், மருந்தாளுநரிடம் சந்தேகம் கேட்கவும் அருகிலுள்ள கடைக்கு ஈடில்லை.

செயலிகள்

மாதம் முழுக்கத் தேவைப்படும், விலை கூடிய மருந்துகளுக்குத் தள்ளுபடி கிடைக்கும். ராத்திரி திடீரென்று தேவைப்படுவதற்குச் செயலிகளை நம்பக் கூடாது. பில்லில் கடையின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே கேட்காமல் மருந்து அனுப்புபவர்களை ஒதுக்கிவிடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இலவசமாக வீட்டுக்கு வரும். வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மார்பினுக்கு ஒரே வழி

1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் கடும் வலிக்கான மார்பின் வைப்பதையே விட்டன; நோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014 திருத்தமும் 2015 விதிகளும் இதை மாற்றின. மார்பின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும். அப்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் நோயாளியைப் பதிவு செய்யுங்கள். மருந்தை வாங்க வீட்டார் வரலாமா, வீடு தேடி வரும் குழு உண்டா என்று அங்கேயே கேளுங்கள். ஒரு தடவை கொடுத்த அளவை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. சீட்டை மருந்தோடு சேர்த்தே வையுங்கள். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுங்கள்.

2020-இன் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, போனில் பார்த்து மார்பின் எழுத மருத்துவருக்கு அனுமதியில்லை. 2018 முதல் வலி மருந்தான ட்ரமடாலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதையும் பதற்றத்துக்குத் தரும் அல்ப்ரசோலம் போன்றவற்றையும் அசல் சீட்டோடு கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதுவது சட்டக் கடமை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தினசரி மாத்திரைக்கு அரசுத் திட்டம். அதில் கிடைக்காதவற்றுக்குப் பக்கத்துக் கடை. விலை கூடியவற்றுக்குச் செயலி. கடும் வலிக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை. கடைசி வழிக்குத்தான் நாளாகும். வலி முற்றும்வரை காத்திருக்காமல், நோயாளி நடமாடும்போதே அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.