ஜூன் ஆலோசனை: பிளஸ் ஒன் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் மதிப்பெண் சரிந்து, இந்த மாதம் பிளஸ் டூ வகுப்பில் போய் உட்காரும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்தக் குறிப்பு. முதல் வேலை, பிளஸ் ஒன் பாடப்புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடி எடுங்கள். பழைய நோட்டுகளோடு சேர்த்துக் கடையில் போட்டுவிட்டிருந்தால், சீனியர் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்கு அவை வேண்டும்.

பழைய மதிப்பெண்ணைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைப்போம். "பத்தாவதில் 240தான் வாங்கினான், இவனுக்கெல்லாம் எஞ்சினியரிங் கிடைக்குமா சார்?" என்று பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அப்பாக்கள் கேட்கிறார்கள். கிடைக்கும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் கணக்கிடப்படுவது பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களிலிருந்து மட்டுமே. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்கு, மொழிப்பாடங்கள் நீங்கலாகப் பிளஸ் டூவின் நான்கு பாடங்களுக்கான 400 மதிப்பெண்தான் தரவரிசை. தமிழ் இலக்கியம் படிக்கத் தமிழ்ப்பாட மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கிலப்பாட மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு 240 இந்தக் கணக்கு எதற்குள்ளும் வராது.

பிளஸ் ஒன்னும் அப்படித்தான். 2017-18இல் அதற்குப் பொதுத்தேர்வு வந்தபோது, இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து உயர்கல்விக்கு எடுத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு இருந்தது. மறு ஆண்டே அரசு அதைக் கைவிட்டது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வே இல்லை. விதிவிலக்கான ஆண்டு 2021 ஒன்றுதான். கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தாகி, பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூவுக்கு 30 சதவீதம் என்று பிரித்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் நினைவில் இன்றைய பிள்ளையை மிரட்ட வேண்டாம்.

ஆனால் மதிப்பெண் வேறு, பாடம் வேறு. பிளஸ் ஒன் மதிப்பெண்ணை யாரும் கேட்கமாட்டார்கள். பிளஸ் ஒன் பாடத்தைப் பிளஸ் டூ தாள் கேட்டுக்கொண்டே இருக்கும். கணிதப் புத்தகத்தின் பொருளடக்கத்தை எடுத்துப் பாருங்கள். பிளஸ் டூவின் முதல் பாடம் அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள். அணி என்றால் என்ன, அணிக்கோவையின் மதிப்பை எப்படிக் காண்பது என்பதெல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கிறது. நேர்மாறு முக்கோணவியல் சார்புகளுக்கு முக்கோணவியல் வேண்டும். வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகளுக்கு வெக்டர் இயற்கணிதம் வேண்டும். வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் இரண்டும் பிளஸ் ஒன்னில் அடிப்படை, பிளஸ் டூவில் பயன்பாடு. போன ஆண்டு வகையிடல் சூத்திரம் மனதில் நிற்காத மாணவருக்கு, இந்த ஆண்டு இரண்டாம் தொகுதியின் பாதிப் புத்தகம் புரியாது. பிளஸ் டூவில் பலர் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, இந்த இடைவெளிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தினம் ஒரு மணி நேரம் பழைய புத்தகத்துக்கு. முழுவதையும் படிக்க வேண்டாம். மேலே சொன்ன ஐந்து பாடங்களின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மட்டும், விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். நின்றுபோகும் இடத்தை நோட்டில் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் அந்த ஒரு வரியைக் காட்டிக் கேளுங்கள். "கணக்கே புரியலை சார்" என்று சொன்னால் எந்த ஆசிரியரும் திகைப்பார், "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்றால் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார். வணிகவியல் குரூப் பிள்ளைகள் இதையே கணக்குப்பதிவியலில் செய்யலாம்: குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள். இவை கைவராமல் கூட்டாண்மைக் கணக்கு ஓடாது. நீட், ஜேஇஇ எழுதுவோருக்கு நான் சொல்லவே தேவையில்லை. அந்தத் தேர்வுகளில் இரண்டு ஆண்டுப் பாடமும் உண்டு.

எஞ்சினியரிங் நினைப்பவர்கள் கணிதத்துக்கு முதலிடம் கொடுங்கள். கட்-ஆஃப் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மூன்றிலும் 60 வாங்கினால் கட்-ஆஃப் 120. கணிதத்தை மட்டும் 75 ஆக்கினால் 135. அதே 15 மதிப்பெண்ணை இயற்பியலில் கூட்டினால் 127.5தான். கணிதத் தாளில் எழுத்துத் தேர்வு 90க்கு. ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண் வினா ஏழு. இந்த இரண்டு பகுதியிலேயே 34 இருக்கிறது. புக் பேக் வினாக்களை ஒவ்வொரு பாடம் முடிந்ததும் போட்டுவிட வேண்டும், பிப்ரவரிக்கு ஒத்திவைக்கக் கூடாது. மீதி 10 அகமதிப்பீடு. அதற்கு வருகைப்பதிவும் வகுப்புத் தேர்வும் ஒப்படைப்பும் கணக்கு. லீவு போடாமல் பள்ளிக்குப் போவதற்கும் மதிப்பெண் உண்டு.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, கேட்ட குரூப் கிடைக்காமல் நிற்பவர்கள் பாலிடெக்னிக் பக்கம் பாருங்கள். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அந்தச் சேர்க்கைக்குத் தரவரிசை டிப்ளமோ மதிப்பெண்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ, நான்காண்டு பி.இ. என்று போனாலும் ஆறு ஆண்டு. டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று என்றாலும் ஆறு ஆண்டு. இதை இரண்டாந்தர வழி என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதித் தவறியவர்கள் துணைத்தேர்வை விடக் கூடாது. அதில் தேறியவர்களுக்கென்று பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. அரசுக் கல்லூரிகளில் காலியிடம் இருக்கிறதா என்றும் நேரில் போய்க் கேளுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்காகவே நடத்தப்படும் 'உயர்வுக்குப் படி' முகாம் உங்கள் மாவட்டத்தில் எப்போது என்று பள்ளியில் விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. பணத்துக்குப் பயந்து விண்ணப்பமே போடாமல் விடுவதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வளாக நேர்காணலுக்கு வரும் சில நிறுவனங்கள் பத்தாவது, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் கேட்பதுண்டு. எல்லா நிறுவனமும் கேட்பதில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 போன்ற தேர்வுகளுக்குப் பட்டம் பெற்றிருந்தால் போதும், பத்தாம் வகுப்பு சதவீதம் தடையாக நிற்காது.

பெற்றோர்களே, பழைய மார்க் ஷீட்டை பீரோவில் வையுங்கள். இன்று முதல் காலாண்டுத் தேர்வு வரை அந்த எண்ணை வீட்டில் சொல்லாதீர்கள், விருந்தாளி முன்னால் நிச்சயமாகச் சொல்லாதீர்கள். பிள்ளை கணக்குப் போட உட்காரும் அந்த ஒரு மணி நேரம் டிவியை நிறுத்துங்கள். பள்ளிக்கல்வி, உயர்கல்விச் சந்தேகங்களுக்கு அரசின் இலவச உதவி எண் 14417. மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு 104இல் ஆலோசகர்கள் பேசுவார்கள், தயங்காமல் கூப்பிடுங்கள்.