வீடு வாங்குமுன் புகைபோக்கியைப் பாருங்கள்



"அண்ணா, உங்க அனுபவத்துல ஒரு பாடம் எழுதுங்க" என்று மலர்க் குழுவிலிருந்து கேட்டிருந்தார்கள். வேலையில் கற்றதைவிட, 2018-இல் லண்டனின் மேற்குப் புறநகரில் வீடு வாங்கப் போனபோது கற்றதுதான் எனக்குப் பெரிய பாடம். தெர்மல் இன்ஜினியரிங் வகுப்பில் 'நேச்சுரல் டிராஃப்ட்' என்று ஒரு தலைப்பை மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதே விஷயம்தான்.

நம் ஊரில் கேஸ் என்றால் சமையல். பிரிட்டனில் பழைய வீடுகளின் கூடத்தில் சுவரோடு சேர்ந்து ஒரு கணப்பு இருக்கும். முன்பு அதில் நிலக்கரி எரித்தார்கள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்குப் பின் 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் வட கடல் இயற்கை வாயுவுக்கு மாற்றினார்கள். பல வீடுகளில் கரி எரிந்த அதே குழியில் கேஸ் கணப்பு வந்து உட்கார்ந்தது. அடுப்பு புதுசு, மேலே போகும் செங்கல் புகைபோக்கி மட்டும் தாத்தா காலத்தது.

ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். அது கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். காற்று போதாவிட்டாலும், புகை மேலே போகாமல் அறைக்கே திரும்பினாலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. கேஸில் சேர்க்கும் வாடை எரிந்தபின் இருக்காது. ஆகவே "வாடை வரலையே" என்று நிம்மதி அடைவது தப்புக் கணக்கு. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. சளிக் காய்ச்சல் என்றுதான் நினைப்போம்.

இனி கணக்குக்கு வருவோம். புகைபோக்கியின் உயரம் 8 மீட்டர், வெளிக்காற்று 5 டிகிரி, உள்ளே புகை 80 டிகிரி என்று வையுங்கள். வெளிக்காற்றின் அடர்த்தி சுமார் 1.27, உள்ளே 1.00 கிலோகிராம் கன மீட்டருக்கு. வித்தியாசத்தை 9.81-ஆலும் 8-ஆலும் பெருக்கினால் 21 பாஸ்கல். நீர்மட்டத்தில் சொன்னால் சுமார் 2 மில்லிமீட்டர்! ஒரு குடும்பத்தின் உயிர் அந்த 2 மில்லிமீட்டரில் நிற்கிறது. ஒரு பறவைக் கூடோ, சரிந்து விழுந்த நாலு செங்கல்லோ, சமையலறையில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனோ போதும், புகை திசை மாறிவிடும்.

நாங்கள் பார்த்த வீடு 1930-களில் கட்டிய வரிசை வீடு. விற்றவர் தனியாக இருந்த ஒரு மூதாட்டி. சர்வேயரின் அறிக்கை கூரையையும் ஈரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியது. கேஸ் பற்றிக் கடைசியில் ஒரே வரி: சாதனங்கள் சோதிக்கப்படவில்லை. வழக்கமாகவே அந்தச் சர்வேயில் அது சேராது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். "இவ்ளோ பணம் போடுறோம், இதைப் பாக்காம விடுறதா?" என்றாள் என் மனைவி.

பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரலில் 'கார்கி'யின் இடத்தில் வந்த பதிவேடு அது. அவர் அட்டையின் முன்பக்கப் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பாய்லருக்குத் தகுதி பெற்றவர் கணப்புக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

எங்களுக்குக் கிடைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூதாட்டியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்: எத்தனை குழாய், எது எந்த அறைக்கு, மேலே காக்கை இனப் பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று. பிறகு கணப்பைச் சுவரிலிருந்து கழற்றினார். பின்னால் விழும் குப்பைக்கென்று ஒரு குழி உண்டு. புகை நுழையும் வாய்க்குக் கீழே 250 மில்லிமீட்டர் ஆழம் காலியாக இருக்க வேண்டும். அங்கே அரை வாளி கரியும் காரையும் சுள்ளியும் கிடந்தன.

அடுத்துப் புகை மாத்திரை. ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, குழியில் அதைக் கொளுத்தினார். வெளியே சரியான குழாய் வழியாக மட்டும் புகை வர வேண்டும். நான் தெருவுக்கு ஓடினேன். கொஞ்சம் வந்தது. அப்போது மாடியிலிருந்து குரல்: "அண்ணை, இஞ்ச வாங்கோ. கீழ போட்ட புகை மேல நிக்குது!"

பின்பக்கப் படுக்கையறை. காகிதம் ஒட்டிய சுவரில் ஒரு சின்னக் காற்றுத் துளை. அதிலிருந்து வெள்ளைப் புகை நிதானமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் மகளுக்கென்று மனதில் ஒதுக்கிய அறை அது. காரணம் எளிது. ஒரே செங்கல் தூணுக்குள் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வழி. நடுவே இருக்கும் தடுப்புச் செங்கல் பெயர்ந்திருந்தது. கீழறைப் புகை பக்கத்து வழிக்குத் தாவி, மூடிய பழைய கணப்பு வழியாக அறைக்குள் இறங்கியது.

மூதாட்டி படுப்பது அந்த அறையில்தான். குளிர்காலம் வந்தால் காலையில் தலைவலி வரும், வயசாகிவிட்டது என்று சொன்னார். காரணம் இதுதான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எங்கள் இன்ஜினியர் அன்றைக்கே, அவர் சம்மதத்தோடு, கணப்பின் இணைப்பைத் துண்டித்து எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார். மறுநாள் அவர் மகன் மின்சார ஹீட்டர் கொண்டுவந்தார்.

அடுத்த சோதனைக்கு எங்கள் வீடு போகவே இல்லை. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணப்பை எரியவிட்டுச் சில நிமிடம் கழித்து, விசிறிகளையும் ஓடவிட்டு, வாயருகே புகைத்தீக்குச்சி பிடிப்பார்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி, அறைக்குள் சுருண்டால் தோல்வி. தீயின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கரி போலத் தோன்றச் செய்த கணப்பில் மஞ்சள் தீ இயல்பானது; அந்த வகைக்குப் பொதுவாக 100 சதுர சென்டிமீட்டர் காற்றுவழியும் சுவரில் வேண்டும். குளிருக்காக அதைச் செய்தித்தாள் வைத்து அடைத்தவர்கள் ஏராளம்.

உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கலாம் என்றார்கள். நாங்கள் கேஸை மூடச் சொல்லிவிட்டு, அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டோம். கிடைத்தது. புகைபோக்கியை அடியோடு அடைக்காமல் மேலும் கீழும் காற்றோட்டம் விட்டோம். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும்.

மேற்படிப்புக்கு அங்கே போய் வாடகைக்கு இருக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் கேஸ் சோதனை வீட்டுக்காரரின் சட்டக் கடமை. குடியேறுமுன் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், சமையல் அடுப்பு நீங்கலாக, எரிசாதனம் பொருத்திய அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் வைத்தாக வேண்டும். சொந்த வீட்டுக்காரருக்கு அந்த ஆண்டுச் சோதனைக் கட்டாயம் இல்லை. அதனால்தான் மூதாட்டியின் வீடு அப்படிக் கிடந்தது. இங்கே ஊரில் இருப்பவர்கள், மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால், இன்றே போய்ப் பாருங்கள். அங்கேயும் இதே வாயுதான்.

எங்கள் சமையலறை பாய்லர் இன்னும் கேஸில்தான் ஓடுகிறது. வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே புகைவிடும் மூடிய வகை. ஆண்டுக்கொரு முறை சோதிக்கிறோம். பக்கத்தில் ஓர் அலாரம். மாதம் ஒருமுறை அதன் பட்டனை அமுக்கிப் பார்ப்பது மகளின் வேலை.