கூட்டம் சேர்ப்பவரா, கூட இருப்பவரா?

வெளிநாட்டில் செவியியல் படிக்கும் பிள்ளைகள் சேவைப் பயணமாக டெல்லிக்கு வருவது உண்டு. லண்டனிலும் டொரோண்டோவிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். பெட்டி நிறையக் காது மெஷின்கள் வருகின்றன. இங்கே யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பதை மட்டும் அவர்கள் தாங்களாக யோசிப்பதில்லை. போன வருடம் சீனியர்கள் போன இடம், இல்லாவிட்டால் கரோல் பாக்கில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஏற்பாடு செய்யும் முகாம். ஒரே தொலைபேசி அழைப்பில் முடிவாகிவிடுகிறது.

இருக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், லோக் நாயக் போன்ற அரசு மருத்துவமனைகள், காதுகேளாதோர் பள்ளிகள், 1955 முதல் இயங்கும் அகில இந்தியக் காதுகேளாதோர் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள், சேவைச் சங்கங்களின் இலவச முகாம்கள். யாராக இருந்தாலும், கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அடுத்தது பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்தின்படி, தொண்டு நிறுவனத்துக்கு வரும் வெளிநாட்டுப் பணம் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய அமைப்பிடம் கொடுத்தால் சின்னப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்ற பழைய ஏற்பாடு இனி நடக்காது. பணம் வாங்குகிறவரே வேலையும் செய்ய வேண்டும்.

எச்சரிக்கை வேண்டியது முகாம்களைப் பற்றித்தான்.

ஷாமியானா, பேனர், மேடை, வரிசையில் நூற்றுக்கணக்கான முதியவர்கள், பொழுது சாய்வதற்குள் எல்லோர் காதிலும் கருவி. புகைப்படத்தில் பிரமாதமாக இருக்கும். பந்தலுக்குள் கிட்டே போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் சிலருக்குக் குறும்பி அடைத்திருக்கும். அதை எடுத்தாலே ஓரளவு கேட்கும். சிலருக்குச் சீழ் வடியும். அந்தக் காதுக்கு முதலில் வைத்தியம் வேண்டும், கருவி பிறகு. கேட்கும் திறனை அளக்க அமைதியான அறை தேவை. ஒலிபெருக்கி அலறும் இடத்தில் எடுத்த அளவை வைத்து என்ன செய்ய முடியும்? நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்து, அச்சுக் கலவையை நிரப்பி, அது இறுகும்வரை பொறுத்திருந்து, அவரவர் காதுக்கு மோல்டு செய்ய வேண்டும். அவசரத்தில் ரப்பர் முனையைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் கருவி விசிலடிக்கத் தொடங்குகிறது.

பிறகு பேட்டரி. 675 எண் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் காற்று புகுந்து அது வேலை செய்யத் தொடங்கும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். சீலம்பூரில் இருக்கும் ஒரு பாட்டி அடுத்ததை எங்கே போய் வாங்குவார்? பேனரைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறவரிடம், ஆறு மாதத்துக்கு முந்தைய பட்டியலைக் கேளுங்கள். அதில் நாமே தேர்ந்தெடுக்கும் பத்துப் பேரோடு பேச அவர் சம்மதித்தால் தொடரலாம். மத்திய அரசின் அடிப் திட்டத்தில் ஏழைகளுக்குக் காது மெஷின் இலவசமாகவே கிடைக்கிறது என்பதை வாய் திறந்து சொல்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் பெருங்கூட்டத்துக்குக் கருவி பொருத்திப் பெயர் பெற்ற அமெரிக்காவின் ஸ்டார்க்கி அறக்கட்டளையே, முதலில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி, பிறகு கருவி, அதன்பின் தொடர் பராமரிப்பு என்று தன் வேலையைப் பிரித்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்குவதைத்தான் முன்வைக்கிறது.

முகாமுக்குச் செலவழியும் பணத்தில் பாதியை ஒரு பள்ளிக்குக் கொடுத்தால் அதைவிட நல்லது நடக்கும். டெல்லி கேட் பக்கம் காதுகேளாத பிள்ளைகளுக்கான லேடி நாய்ஸ் பள்ளி இருக்கிறது. லோக் நாயக் மருத்துவமனை அதிலிருந்து நடக்கிற தூரம். இப்படிப் பள்ளியும் மருத்துவமனையும் அருகருகே இருக்கும் இடம்தான் உகந்தது. வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களில் மோல்டு சிறுத்துவிடும். பேட்டரி தீர்ந்திருப்பதும், கருவி விசிலடிப்பதும் தினமும் பார்க்கும் ஆசிரியையின் கண்ணுக்குத் தப்பாது. முதியவர்களுக்குப் பள்ளியால் பயனில்லை என்பது உண்மை. அவர்களுக்கு அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுதான் வழி. கூட்டமும் காத்திருப்பும் இருந்தாலும் அடுத்த மாதமும் அது அங்கேயே இருக்கும்.

இந்த வேலை எல்லோருக்கும் ஒத்துவராது. ஒரு குழந்தையோடு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து, அது ஒலிக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும் பொறுமை உள்ளவர்கள் வரட்டும். முதல் தடவை கருவியே கொண்டுவராமல் வந்து கொஞ்சம் இந்தியும் சில சைகைகளும் கற்றுக்கொண்டு போனாலும் நஷ்டமில்லை. அடுத்த வருடத்து மோல்டுக்கும் பேட்டரிக்கும் யார் பணம் கட்டுவது என்பதை அப்போதே கூட்டாளியோடு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நாள் குறிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகள் மே நடுவிலிருந்து ஜூன் முடிய மூடியிருக்கும். பயணத்தை ஜூலைக்குத் தள்ளிவைத்தால் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். மழையும் புழுக்கமும் இருக்கும். வியர்வை இறங்கிக் கருவி நின்றுபோவதையும் அப்போது நேரில் பார்க்கலாம்.