வேப்பமரக் கப்பல்

நம் பெரம்பூரில் 1955 முதல் இரயில் பெட்டிகள் செய்யப்படுகின்றன. அவற்றில் நாடெங்கும் பயணம் செய்வோர், செய்த கைகளை நினைப்பதுண்டோ? கடலிலும் அப்படியொரு கதை உண்டு. அதனைக் காண்போம்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ஆம் ஆண்டு, உள்ளூர் மேஸ்திரிமார் வேப்பமரத்தால் ஒரு கப்பலைக் கட்டினர். நீளம் 89 அடி, பாய்மரங்கள் இரண்டு, பெயர் ‘அன்னபூரணி’. சரக்கு ஏற்றிச் செல்வதே அதன் தொழில்.

பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இதனை விரும்பி வாங்கினார். தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார்.

1937-இல் வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட இக்கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகச் சென்று, அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்தது. 1938 ஆகஸ்டு 1 அன்று, அமெரிக்காவின் குளோஸ்டர் என்னும் மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தது.

பெயர் மாறியது, மரம் மாறவில்லை. வாங்கியவர் பெயர் வெளியே தெரிந்தது. அலையைத் தாங்கியதோ கட்டியவர் கைவேலை! கரை சேர்த்தது மாலுமிகளின் திறமை!

தோழியரே, நம் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் பெயரை அழகாக எழுதுகிறோம். தேர்வு நாளில் நம்மைத் தாங்குவது அந்தப் பெயரா, உள்ளே நாம் உழைத்த பக்கங்களா? சிந்திப்போம்.