ஏலகிரிக்கு நாலு பைக், எட்டு பேர்: பெட்ரோல் கணக்குக்கு முன்னாடி பாலிசியைத் திறந்து பாருங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறவங்க ஒரு குரூப்பா சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பைக்ல ஒரு மலைக்குப் போயிட்டு ராத்திரியே திரும்பணும்னு நினைச்சா, முதல்ல வர்ற பேர் ஏலகிரிதான். ஊட்டி, கொடைக்கானல் ஒரே நாள்ல ஆகாது. ஏற்காடும் தூரம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவு, மேல புங்கனூர் ஏரி, படகு. போதும்.

டிரிப் பிளான்னு சொன்னதும் எல்லாரும் போடுறது பெட்ரோல், சாப்பாடு கணக்கு. அதை முதல்ல வேகமா முடிச்சிடுவோம், ஏன்னா இந்தப் பதிவோட விஷயம் அது இல்லை.

ஜி.என்.டி. ரோட்டுல இறங்கி, அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு, நசரத்பேட்டையில பெங்களூரு ஹைவேல ஏறினா காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியா ஒரு பக்கம் சுமார் 265 கிலோமீட்டர். போக வர 530. 125 சிசி பைக்ல ரெண்டு பேர், மைலேஜ் 50னு வச்சா 10.6 லிட்டர். லிட்டர் 101 ரூபாய்னு போட்டா, மலை ஏற்றத்துக்கும் கொஞ்சம் சேர்த்து, ஒரு பைக்குக்கு 1,100. நாலு பைக்குக்கு 4,400. மூணு வேளை சாப்பாடு தலைக்கு 400, அதாவது 3,200. படகு, பார்க்கிங், டீ எல்லாம் சேர்த்து தலைக்கு 150னு 1,200. பஞ்சர், கேபிள் அறுந்தா பார்க்க ஒரு பொது நிதி 2,000. மொத்தம் 10,800.

இதுல பெரும்பாலான குரூப் விட்டுடுற ஒரு செலவு இருக்கு. பைக் கொண்டு வர்றவரோட டயர், செயின், ஆயில் தேயுது. அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். அதுக்குத் தனியா ஒரு பைக்குக்கு 300 ரூபாய் ஒதுக்குங்க. இப்போ 12,000, தலைக்கு 1,500. பைக் வாரியா பிரிக்காதீங்க, தலை வாரியா பிரிங்க. 350 சிசி வண்டியோட ஒருத்தர் வந்தா அவருக்கு மட்டும் பெட்ரோல் 1,500 தாண்டும். அந்தக் கூடுதல் 400ஐ அவரே போடட்டும்ங்கிறது என் கட்சி. பெரிய வண்டி அவரோட ஆசை, குரூப்போட தேவை இல்லை.

டோல் பத்தியும் சொல்லிடுறேன். தேசிய நெடுஞ்சாலை டோல்ல டூ வீலருக்குக் கட்டணம் இல்லை. 2025 ஜூன்ல "பைக்குக்கும் டோல் வருது"ன்னு ஒரு செய்தி வாட்ஸ்அப்ல சுத்துச்சு. மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே அதை மறுத்துட்டார்.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம். நாலு பைக் கிளம்பினா, ஒவ்வொரு பைக்குக்கும் மூணு கேள்வி: வண்டி யார் பேர்ல இருக்கு? யார் ஓட்டுறா? பின்னாடி யார் உட்கார்ந்திருக்கா? விபத்துன்னு ஒண்ணு நடந்தா, பணம் வருமா வராதாங்கிறதை பெரும்பாலும் இந்த மூணு கேள்விதான் முடிவு பண்ணும்.

முதல்ல பின்னாடி உட்கார்றவரை எடுத்துக்குவோம், ஏன்னா அவரைப் பத்தி யாருமே யோசிக்கிறது இல்லை. 2018 செப்டம்பர் 1ல இருந்து புது டூ வீலர் வாங்கினா 5 வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். ஷோரூம்ல "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு சார்"னு சொல்லுவாங்க. கேட்கிறவர் எல்லாமே அஞ்சு வருஷம்னு நினைச்சுக்குவார். பெரும்பாலும் அதுல தேர்ட் பார்ட்டி மட்டும்தான் 5 வருஷம். உங்க வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் 1 வருஷத்துல முடிஞ்சுடும். ரெண்டாவது வருஷம் யாரும் புதுப்பிக்கிறதில்லை. போலீஸ் நிறுத்தினா பேப்பர் சரியா இருக்கே, அபராதம் இல்லையே, அதனால தெரியாமலே போயிடுது.

இதனால போறது வண்டி ரிப்பேர் காசு மட்டும் இல்லை. முழு பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி இருந்தா, உங்க தப்பால பின்னாடி உட்கார்ந்தவருக்கு அடிபட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்கணும். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா அந்தப் பொறுப்பு கம்பெனிக்கு இல்லைன்னு 2006ல திலக் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ரோட்டுல நடந்து போறவர் தேர்ட் பார்ட்டி. உங்க முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிற நண்பர், அந்த பாலிசியைப் பொறுத்தவரை, கணக்குல இல்லை. எதிர்ல வந்த லாரி மேல தப்புன்னா லாரியோட இன்சூரன்ஸ்ல கேட்கலாம். ஆனா 9வது வளைவுல மண்ணுல சறுக்கி நீங்களே விழுந்தா? அவர் குடும்பம் இழப்பீடு கேட்க வேண்டிய ஆள் நீங்கதான். அதே லைன்ல, அதே கேன்டீன்ல உட்கார்ற ஆள்கிட்ட இருந்து உங்களுக்கு நோட்டீஸ் வரும். அவரையும் தப்பு சொல்ல முடியாது.

ஓன் டேமேஜ் தனியா எடுத்தா, மூணு நாலு வருஷப் பழைய 125 சிசி வண்டிக்குப் பெரும்பாலும் ஒரு டேங்க் பெட்ரோல் காசை ஒட்டித்தான் வரும். எடுத்ததுக்கு அப்புறம் பின்னாடி உட்கார்றவருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கான்னு பாலிசி பேப்பர்ல ஒருமுறை பாருங்க, புரியலைன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க.

அடுத்தது, ஓட்டுறவர். ஓனர்-டிரைவருக்கு 15 லட்சம் ரூபாய் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் கட்டாயம்னு ஒண்ணு இருக்கு. இதுவும் சில நூறு ரூபாய்தான். ஆனா பேரைக் கவனிங்க: ஓனர்-டிரைவர். ஆர்.சி.யும் பாலிசியும் உங்க பேர்ல இருக்கணும், லைசென்ஸ் செல்லுபடியா இருக்கணும். ரூம்மேட்டோட பைக்கை வாங்கிட்டு நீங்க ஓட்டினா, அந்த 15 லட்சம் உங்க குடும்பத்துக்கு இல்லை. தேர்ட் பார்ட்டியாவும் கேட்க முடியாது. 2009ல நிங்கம்மா வழக்குல இதே கதைதான். இரவல் பைக்ல போனவர், முன்னாடி போன மாட்டுவண்டியில மோதி இறந்துட்டார். வண்டியை வாங்கி ஓட்டுறவர் அந்த நேரத்துக்கு ஓனர் இடத்துல நிக்கிறார், அதனால தப்பு யார் மேலன்னு நிரூபிக்காம கேட்கிற அந்தச் சட்டப்பிரிவுல இழப்பீடு இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பைக் கொடுத்தவருக்கும் ஆபத்து இருக்கு. வாங்கிட்டுப் போனவருக்கு லைசென்ஸ் இல்லைன்னா, அடிபட்ட மூணாவது ஆளுக்கு கம்பெனி பணம் கொடுத்துட்டு, அதை ஓனர்கிட்ட இருந்து வசூல் பண்ண முடியும். அதனால "எடுத்துட்டுப் போடா மச்சான்"னு சாவியைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அவர் லைசென்ஸை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. இன்னொண்ணு, தெரிஞ்சவருக்குன்னாலும் நாள் வாடகை வாங்காதீங்க. பெட்ரோலைப் பங்கு போடுறது வேற. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுறது வேற, கிளைமை மறுக்க அதுவே காரணமாயிடும்.

மூணாவது கேள்வி, வண்டி யார் பேர்ல இருக்கு. இந்தப் பக்கம் செகண்ட் ஹேண்ட் பைக் நிறைய. பணம் கொடுத்தாச்சு, ஃபார்ம்ல கையெழுத்தும் வாங்கியாச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக மட்டும் ஷிப்ட் விடலை. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேர்லயே. அப்படின்னா 15 லட்சம் கவர் உங்களுக்கு வராது. வித்தவரும் நிம்மதியா தூங்க முடியாது. நவீன் குமார் வழக்குல 2018ல உச்ச நீதிமன்றம், பல கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், அவர்தான் பொறுப்புன்னு சொல்லியிருக்கு. நீங்க போன வருஷம் வித்த பைக் இன்னும் உங்க பேர்ல இருந்தா, நீங்க டிரிப்புக்கே போகலைன்னாலும் இந்தப் பத்தி உங்களுக்குத்தான்.

"எனக்குத்தான் ஈ.எஸ்.ஐ. இருக்கே"ன்னு சிலர் கேட்பீங்க. மாதச் சம்பளம் 21,000 வரைக்கும் உள்ளவங்களுக்கு அது பெரிய பாதுகாப்புதான். ஞாயிற்றுக்கிழமை அடிபட்டாலும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில சிகிச்சை உண்டு. தேவையான நாள் சந்தா கட்டியிருந்தா, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு 70 சதவீத சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனா கால் போனா மாதா மாதம் வர்ற ஊனப் பலன், உயிர் போனா குடும்பத்துக்கு வர்ற பென்ஷன், இதெல்லாம் வேலை சம்பந்தமான விபத்துக்குத்தான். கம்பெனிக்குப் போற வழியில கவரைப்பேட்டையில விழுறதும், டிரிப் போற வழியில ஆம்பூர்ல விழுறதும் ஒண்ணு இல்லை.

பி.எஃப். இருக்கிறவங்களுக்கு அதோட சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீடு, காரணம் எதுவா இருந்தாலும், வேலையில இருக்கும்போது இறந்தா அதிகபட்சம் 7 லட்சம் வரை தரும். நாமினி போட்டிருக்கீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினியா? இ-நாமினேஷன் மொபைல்லயே பத்து நிமிஷ வேலை. அடுத்து, பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா: வருஷம் 20 ரூபாய், 18ல இருந்து 70 வயசு வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். வண்டி யாரோடது, நீங்க முன்னாடியா பின்னாடியாங்கிற கேள்வியே இதுல இல்லை. இரவல் பைக்ல போறவங்களும் பின்னாடி உட்கார்றவங்களும் கண்டிப்பா போடணும். ஜூன் 1ல இருந்து மே 31 வரைதான் ஒரு வருஷம். மே கடைசியில சம்பள அக்கவுண்ட்ல 20 ரூபாய் இல்லாம கட் ஆனவங்க இருக்காங்க, பாஸ்புக்ல பாருங்க.

விபத்து நடந்த முதல் மணி நேரத்துக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டுல "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம், எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி. குரூப்ல ஒடிசா, பீகார் நண்பர்கள் இருந்தா அவங்களுக்கும் பொருந்தும். 108ஐக் கூப்பிடுங்க, அட்வான்ஸ் புரட்டிட்டு நிக்காதீங்க.

ஹெல்மெட் பின்னாடி உட்கார்றவருக்கும் சேர்த்துதான். இல்லைன்னா 1,000 ரூபாய் அபராதம். நாலு பைக்ல நாலு பேர் இல்லாம போனா 4,000, உங்க மொத்த பெட்ரோல் காசுல முக்கால்வாசிக்கும் மேல.

கிளம்புற நேரம் விடியற்காலை நாலரை. ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வர்றவரை ஓட்ட விடாதீங்க, பின்னாடியும் உட்கார வைக்காதீங்க, தூங்கி விழுவார். அடுத்த தடவை வரட்டும். மேப்ல ஏலகிரின்னே போடுங்க. மலையடிவாரத்துலயும் ஒரு பொன்னேரி இருக்கு, பேரை நம்பினா நம்ம பொன்னேரிக்கே திருப்பி விட்டுடும். மத்தியானம் மூணு மணிக்குள்ள மலை இறங்கிடணும், அப்போதான் ராத்திரி பத்துக்குள்ள வீடு, திங்கட்கிழமை ஏ ஷிப்ட்டுக்கு எழுந்திரிக்க முடியும். இறங்கும்போது யாருக்காவது முதுகு பிடிச்சிருந்தா, கண் சொருகினா, ஜோலார்பேட்டை ஜங்ஷன் பக்கத்துலதான் இருக்கு. சென்ட்ரலுக்கு ரயில், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். அந்த டிக்கெட்டை பொது நிதியில எடுங்க.